பூஜ்யம் வைத்த இடம்

சுத்தமான காற்று எது என்று காஸ் மீட்டருக்குத் தானாகத் தெரியாது, ஐயா. நாம்தான் காட்டிக்கொடுக்க வேண்டும். நல்ல காற்றில் நின்று பொத்தானை அழுத்தினால், அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். பிறகு எல்லாவற்றையும் அதோடு ஒப்பிட்டுத்தான் எண் காட்டும். மாதாமாதம் அதைச் செய்வது என் வேலை.

எனக்கு ஊர் கோவில்பட்டி. காஞ்சிபுரத்தில் யாரையும் தெரியாது. பட்டு நூலை வேகவைத்துப் பசை எடுத்த தண்ணீர், சாயத் தண்ணீர் எல்லாம் எங்கள் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வரும். குழியில் தேங்கி அழுகினால் விஷவாயு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம். அங்கேயே கிடக்கிறவர்களுக்கு மூக்கு மரத்துப்போயிருக்கும். மீட்டர் சொல்வதைத்தான் நம்புவோம்.

காவேரி அங்கே லேபில் தண்ணீர் பரிசோதிக்கிறவள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொடுத்தனுப்பினாள். ஒரு முறைதான். யாரும் இல்லாத ஊரில் அது போதாதா. என்னிடம் எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவாள். பம்பு பார்க்கிற தேவேந்திரனிடம் அப்படி இல்லை.

"யோவ், கைய கழுவிட்டு சாப்பாட்டு டப்பாவ தொடு. நாத்தம் புடிச்சவனே."

"இந்த நாத்தம் புடிச்சவனதான கட்டிக்கப் போற? இப்பவே பழகிக்கமா."

அவள் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருக்கிறது என்றே எனக்கு அதுவரை தெரியாது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

தேவேந்திரன் நல்லவன். அதை மறுக்க மாட்டேன். கல்யாணப் பத்திரிகையை ஆபீஸில் முதலில் எனக்குத்தான் வைத்தான். "நீங்கதான் சார் மாப்ள தோழன். ஊர்லேர்ந்து யாருனா வந்தா கூட்டிக்கினு வாங்க" என்றான். எனக்கு வருவதற்கு யாரும் இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

மறுநாள் மீட்டருக்குப் பூஜ்யம் வைக்க வேண்டிய நாள். வழக்கமாக வெளியே வேப்பமரத்தடியில் வைப்பேன். அன்று குழி மூடியை விலக்கி, சேற்றைக் கம்பால் கலக்கிவிட்டு, மீட்டரின் குழாயை உள்ளே விட்டுப் பொத்தானை அழுத்தினேன். பழைய மீட்டர், எந்தக் காற்றைக் கொடுத்தாலும் பூஜ்யம் என்று வாங்கிக்கொள்ளும். அளவு தெரிந்த காஸ் சிலிண்டரை வைத்துச் சரிபார்ப்பது முறை. செய்யவில்லை.

அந்த வாரமே நூல் கழிவு சிக்கிக் குழிக்குள் இருக்கும் பம்பு நின்றது. தேவேந்திரன் மீட்டரின் குழாயை உள்ளே விட்டுப் பார்த்தான்.

"பூஜ்யம் காட்டுது சார். எறங்கட்டா?"

இறங்கு என்று நான் சொல்லவில்லை. "மீட்டர் என்ன சொல்லுதோ அதுதான்" என்றேன்.

பாதி ஏணியில் கையை விட்டான். விழுந்த சத்தத்துக்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

அவனைக் கொன்றது நான்தான். அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் காவேரி ஓடி வந்து அவன் பின்னாலேயே இறங்கப் போனாள். அவள் என் கையைக் கடித்தாள், முகத்தில் அறைந்தாள். நான் விடவில்லை. இன்று அவள் உயிரோடு இருக்கிறாள் என்றால் அது என்னால்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. எழுதி, அவளுக்குப் படித்துக் காட்டுங்கள்.