கதை விடாத அலமாரிக்குக் காவலிருந்தவருக்கு

கட்டுக் கட்டாய் வந்திறங்கிய நூல்களைக் கண்ணெனக் காத்தவரே! அட்டையில் மயங்காமல் அகத்தைப் படித்து அறிவித்தவரே! எங்கள் கல்லூரியின் தலைமை நூலகர் அம்மையீர்! முப்பத்தோராண்டுப் பணி முடித்து இன்று மாலை ஓய்வு பெறும் தங்களுக்கு, ஓடியும் ஓடாமலும் சுழலும் ஒரே மின்விசிறியின் கீழ் அமர்ந்து, கிழித்துக் கிழித்து எழுதிய மடல் இது.

கிழித்ததற்குக் காரணமும் தாங்களே. "அறிவுக் கடலே, ஆற்றல் மலையே" என்று தொடங்கிய முதல் படியை மேசைமேல் பார்த்துவிட்டு, "கடலும் வேணாம், மலையும் வேணாம். என் மடல்லயாவது கதை விடாதீங்கப்பா" என்று சொல்லிப் போய்விட்டீர்கள். பாராட்டு மடலில் கதை விடக் கூடாதென்றால் பாதி மடல் காலி. மீதிப் பாதியைத்தான் வாசிக்கிறோம், பொறுத்தருள்க!

"கதை விடாதவை!" அதுவன்றோ தாங்கள் சூட்டிய பெயர்! வரலாறும் அறிவியலும் பொருளியலுமாய்ப் புதிதாக வந்தவற்றை வாசலோரத்து அலமாரியில் அடுக்கி, "புனைவல்லாத புதிய நூல்கள்" என்று பலகை மாட்டியபோது ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. "புனைவல்லாதன்னா என்ன மேடம், தைக்காத புக்கா?" என்று ஒரு மாணவி கேட்டதும், பலகையைக் கழற்றித் தங்கள் கையாலேயே அப்பெயரை எழுதி மாட்டினீர்கள். அன்று சிரித்தபடி நின்றவர்கள் ஆளுக்கொன்றாய் எடுத்துப் போனார்கள்.

நூல்தோறும் ஒரு சீட்டு. சீட்டில் ஓரிரு வரி. அதற்காக முழு நூலையும் படித்து முடிக்கும் பொறுமை! "முதல் மூணு அத்தியாயம் கொட்டாவி. நாலாவதுலேருந்து தூக்கம் போயிடும்." "எழுதினவருக்கு எல்லாம் தெரியுது, சொல்லத்தான் தெரியல. படத்தை மட்டும் பாருங்க." புகழத் தோன்றாத நூலைத் தாங்கள் ஒருநாளும் புகழ்ந்ததில்லை. பொருளியல் பேராசிரியர் ஒருவர் நூலைத் தொடாமல் சீட்டை மட்டும் படித்துவிட்டு வகுப்பு முழுவதும் முழங்கியதை இக்கல்லூரி அறியும். "சீட்டு மேடம் இருக்காங்களா?" என்று யாரோ வீட்டுத் தொலைபேசியில் கேட்டதும் தங்கள் கணவர் பதறிப்போய், "எனக்குத் தெரியாம சீட்டு வேற புடிக்கிறியா?" என்று தங்களிடம் சண்டைக்கு வந்ததையும் அறியும்.

இனிச் சொல்வதும் கதையன்று. களைத்துவிட்டோம், அம்மையீர்! தாங்களும் களைத்திருக்கிறீர்கள். ஓய்வு பெற்றுப் போனவர்களின் இடங்கள் அப்படியே கிடக்கின்றன. மின்தூக்கி படுத்து மாதக்கணக்காயிற்று. நூற்பெட்டிகளைத் தாங்களும் ஒரு கை பிடிக்க, படிவழியே மாடியேற்றினோம். அண்மையில் ஒரு நாள் பெட்டிமேலேயே உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, "யாருக்காகப்பா இப்படி மாரடிக்கிறோம்?" என்றீர்கள். பிறகு தாங்களே எழுந்து, பெட்டியைப் பிரித்து, மேலே கிடந்த நூலைப் புரட்டத் தொடங்கினீர்கள்.

தங்கள் இடத்துக்கு ஆள் வரப்போவதில்லை. அதுமட்டுமன்று, அந்த அலமாரியைக் கிடங்குக்குத் தள்ளிவிட்டு, அதே இடத்தில் விளம்பரத் திரை வைக்க ஆணை வந்திருக்கிறது. இதோ மேடையில் வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் ஐயாவிடம் முறையிட்டோம். "ஸ்கிரீன் வச்சா பளிச்சுன்னு இருக்கும்ல? சரி, பாக்கலாம், பாக்கலாம்" என்றார்கள். "பார்க்கலாம்" என்பதற்கு இங்கே யாருக்கும் அகராதி தேவையில்லை. இதைத் தங்களிடம் மறைத்து, மாலை போட்டு அனுப்பிவிடலாமா என்றும் யோசித்தோம். மனம் ஒப்பவில்லை.

புதிதாய் வந்த நூல்களைப் படித்துச் சீட்டெழுத நாங்களே பங்கிட்டுக்கொண்டோம். எறும்புகளைப் பற்றியது எங்கள் எழுத்தருக்கு வாய்த்தது. பத்தாம் பக்கத்தில் குறட்டை விட்டார். முகம் கழுவிவிட்டு மீண்டும் எடுத்திருக்கிறார். தங்கள் அளவுக்கு எங்களால் இயலாது. ஆனாலும் படிக்காமல் சீட்டெழுத மாட்டோம்.

பெறற்கரிய பெருந்தகையே! நூறாண்டு என்றால் நம்ப மாட்டீர்கள். ஆகவே, முழங்கால் வலி தணிந்து, கண்ணொளி குறையாமல், பிடிக்காத நூலைப் பாதியில் மூடிவைக்கும் உரிமை பெற்று, பகலுறக்கமும் மனநிறைவும் பெருக நெடிது வாழ்க!

இன்னும் ஒன்று. எதிர்த்து நிற்க எங்களுக்குத் தெம்பில்லை. ஆனால் எந்த அலுவலகத்திலும் எந்த வேலையையும் நிறுத்திவிடக்கூடிய சொல்லொன்று வழிவழியாக எங்களிடம் உண்டு. நேற்று அலமாரியைக் கழற்ற வந்த தச்சரிடம், "நாளைக்கு வாங்க" என்றோம். இன்று காலையும் வந்தார். இன்றும் அதையே சொன்னோம். திங்கட்கிழமையும் வருவார், பாவம். முதல்வர் ஐயா முன்னிலையில் உரக்கவே படித்துவிட்டோம்: திங்கட்கிழமையும் அதையேதான் சொல்லப் போகிறோம்.

தங்களை அனுப்ப மனமில்லாத,
நூலகப் பணியாளர்கள்