தலைகீழாக மாட்டிய சான்றிதழ்

இந்த நாற்காலி ஆடுகிறது, சார். ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தால் போதும். இத்தனை நாளாக இந்த ஸ்டேஷனில் யாருக்கும் அது தோன்றவில்லை என்பதில் எனக்கு வியப்பில்லை.

என் வேலையே இதுதான். தெருமுனைச் சிறுகடைகளுக்கு நிதியும் பயிற்சியும் கொடுக்கும் திட்டத்தில் நான் பயிற்சியாளர். சோப்புக்குப் பக்கத்தில் ரொட்டியை வைத்துவிட்டு, வியாபாரம் படுத்துவிட்டது என்று மூக்கைச் சிந்துகிறவர்களுக்கு அலமாரி அடுக்கக் கற்றுக்கொடுப்பேன். வகுப்பில் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். கடைக்குப் போனதும் மறுபடி சோப்பு, ரொட்டி.

முனைக்கடை அக்கா தலைகூட ஆட்டவில்லை. "எது எங்க இருக்குன்னு என் கைக்கே தெரியும் தம்பி" என்றார். பேசிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், கேட்ட பொருளை எடுத்து நீட்டுவார். ஆய்வுக்கு வந்த மேலதிகாரி வாயைப் பிளந்தார். "இவங்ககிட்ட நீங்க கத்துக்கணும்" என்று இருபது கடைக்காரர்கள் முன்னால் என்னிடம் சொன்னார். சிரித்துவைத்தேன். வயிறு எரிந்தது, அதை மறைக்கப் போவதில்லை.

சட்டம் போட்ட பயிற்சிச் சான்றிதழை அக்காவிடம் கை தவறித் தலைகீழாகக் கொடுத்துவிட்டேன். அப்படியே சுவரில் மாட்டிவிட்டு, "அழகா இருக்குல்ல?" என்று கேட்டார். அப்போதுதான் விளங்கியது. திறமையாவது மண்ணாவது. அவருக்குக் கண் போய்விட்டது. தெரிந்தால் பிள்ளைகள் கடையை மூடிவிடுவார்கள் என்று தெருவையே ஏமாற்றிக்கொண்டிருந்தார். நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். வயிற்று உப்புசக்காரர். மதியச் சாப்பாடு முடிந்ததும் வருவார். மேல்தட்டு ஜாடியிலிருந்து ஒரு கரண்டி சமையல் சோடாவை எடுத்து அக்கா தண்ணீரில் கலந்து தருவார். மனிதர் மடக்கென்று ஒரே வாயில் குடித்துவிட்டு ஊர்வம்பு பேசுவார். கீழ்த்தட்டில் அதே மாதிரி ஜாடியில் குழாய் அடைப்பு நீக்கும் வெள்ளைத் தூள், தண்ணீர் பட்டாலே சூடேறுகிற விஷம். இப்படி வைக்காதீர்கள் என்று மூன்று வகுப்புகளில் தொண்டை வறளச் சொன்னவன் நான்.

செவ்வாய்க்கிழமை அக்கா உள்ளே சாப்பிடப் போனபோது இரண்டு ஜாடிகளையும் இடம் மாற்றினேன். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். தபால்காரர் வந்தார். "என்ன வாத்தியாரே, இன்னைக்கும் அலமாரிப் பாடமா?" என்று கேலி செய்தார். அக்காவின் கை நேராக மேல்தட்டுக்குப் போயிற்று. ஓர் அங்குலம்கூடப் பிசகவில்லை. கலக்கும்போது மட்டும் நிறுத்தினார்.

"டம்ளர் ஏன் சுடுது?"

"வெயில்ல இருந்த தண்ணிக்கா" என்றேன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் தபால்காரர் உயிரை விட்டார். "என் கைதான் பிசகிடுச்சு" என்று அக்கா உங்களிடம் அழுதாராம். அழட்டும், அது எனக்குப் பெரிதில்லை. ஆனால் மேலதிகாரி, பயிற்சி போதவில்லை என்று அறிக்கை எழுதித் திட்டத்தையே நிறுத்திவிட்டார். அதற்காகத்தான் நானாக வந்தேன். என் பயிற்சியில் ஒரு குறையும் இல்லை.

கொலை என்றெல்லாம் எழுதாதீர்கள், சார். இரண்டு ஜாடிகளிலும் பெயர்ச்சீட்டு இருந்தது. அன்று மதியம் நானே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். அக்கா ஒரு தடவை படித்துப் பார்த்திருக்கலாம்.