பந்து வைத்திருப்பவர் பேசலாம்

காலைக் கூட்டத்தில் யாருக்கும் கதிரை கொடுக்கக்கூடாது, ஐயா. உட்கார்ந்தால் கதை நீளும். உட்துறைமுக வீதியில் உள்ள எங்கள் மென்பொருள் அலுவலகத்தில் நான் குழுத் தலைவர். தினமும் எல்லோரையும் வட்டமாக நிறுத்துவேன். ஒரு டென்னிஸ் பந்து கைமாறும். பந்து யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம்: நேற்று எதை முடித்தார், இன்று எதைச் செய்வார், எது தடையாக நிற்கிறது. கைபேசி மணி அடித்தால் கூட்டம் முடிந்தது.

அந்தக் கடைசிக் கேள்விதான் கூட்டத்தின் உயிர். ஒருவருக்குப் பாதி தெரியும், எதிரே நிற்பவருக்கு மீதி தெரியும். இரண்டு பாதியும் சந்தித்தால் பிழை அங்கேயே பிடிபடும்.

நாங்கள் செய்தது மீன்பிடிப் படகுகளுக்கான கருவி. ஆபத்து வந்தால் சிவப்புப் பொத்தானை அமத்த வேண்டும். கரையில் உள்ள திரையில் அந்தப் படகு சிவப்பாகும். சிக்னல் அறுந்திருந்தால் அமத்தினாலும் திரை பச்சையாகவே நிற்கிறது என்று எங்கள் பரிசோதகர் அசனா கண்டுபிடித்து என்னிடம் சொன்னார். திருத்த வேண்டியவர் மெல்ரோய். திருத்தப் போனால் கொழும்பிலிருந்து வாங்குபவர்கள் வரும் நாள் தள்ளிப்போகும். நான் மெல்ரோயிடம் சொல்லவில்லை.

வெள்ளோட்டத்துக்குப் படகு தந்தவர் அசனாவின் அண்ணன், இறக்கக்கண்டி மீனவர் ஸாஜித்.

"சேர், ஸாஜித் நானா கடலுக்குப் போறார். அந்தப் பிழை என்ன மாதிரி?"

"மெல்ரோய் திருத்திட்டார். படகில இருக்கிற கருவியில புதுசு போட்டாச்சு."

அவர் தலையாட்டினார். ஆனால் கூட்டத்தில் பந்துக்காகக் காத்திருக்கத் தொடங்கினார். சந்தேகப்படுபவர்கள் பந்தை அப்படித்தான் பார்ப்பார்கள். அவரை வட்டத்தின் கடைசியில் நிறுத்தினேன். மற்றவர்களிடம் மேலதிகமாகக் கேள்வி கேட்டேன். மெல்ரோயின் மேசையை, அமைதியாக வேலை செய்யட்டும் என்று, என் அறைக்குள் போட்டேன். "அசனாட்ட பந்து போக முதல் அவ பென்ஷன் எடுத்திருவா" என்று குழுவில் உள்ள கிறிஸ்டின் சிரித்தார். நானும் சிரித்தேன். மணி அடித்தது.

வெள்ளோட்ட நாளில் மதியத்துக்குப் பிறகு காற்று ஏறியது. வாங்குபவர்கள் திரையைப் பார்த்துத் திருப்தியோடு தேநீர் குடித்தார்கள். ஸாஜித்தின் படகு பச்சையாகவே இருந்தது. அந்தப் பச்சைக்கு அர்த்தம் இல்லை என்று அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். ஒரு படகை அனுப்பச் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டிருப்பார்கள்.

கருவி கரையொதுங்கியபோது பொத்தான் உள்ளே அமுங்கிக் கிடந்தது.

அண்ணனின் அடக்கம் முடிந்து அசனா வேலைக்குத் திரும்பிய காலை, மரியாதைக்காகப் பந்தை முதலில் அவருக்கே போட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"மெல்ரோய், அந்தப் பச்சைப் பிழையை எப்ப திருத்தினீங்க?"

"எந்தப் பிழை? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

பார்த்தீர்களா, ஐயா, இரண்டு பாதியும் சந்தித்தன. நான் சொல்லிக் கொடுத்த முறை அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது. மெல்ரோய் மட்டும் கையில் பந்து இல்லாமல் பேசிவிட்டார். மற்றபடி அன்றைய கூட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.