எர்த் கம்பி தானாகக் கழலாது

உங்கள் ஸ்டேஷன் டியூப்லைட்டில் சோக் இரைகிறது சார், ஆளைச் சொல்லி மாற்றிவிடுங்கள். உங்களுக்குக் கேட்காது. பாதிப் பேருக்குக் கேட்காது. எனக்கு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டது. காது விஷயத்தில் என்னை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

நான் வந்தது அதற்காக அல்ல. சின்னக்கானல் குருசடிக் கோயில் திருவிழாவில் என் தங்கை சிசிலியின் மகன் ஜிபின் கிட்டார் வாசிக்கும்போது ஷாக் அடித்து இறந்துபோனான் அல்லவா, அந்த வழக்கில் நீங்கள் எழுதியிருப்பது தப்பு. ‘மைக் செட் போட்ட வேதமுத்துவின் கவனக்குறைவால் எர்த் கம்பி கழன்றது’ என்று எழுதியிருக்கிறீர்களாம். பத்திரிகையிலும் அப்படியே வந்திருக்கிறது. போடிமெட்டு வரைக்கும் இந்த மலையில் எத்தனையோ கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மைக் செட் போட்டிருக்கிறேன். நான் முறுக்கிய கம்பி ஒன்றுகூடத் தானாகக் கழன்றதில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். உங்கள் ரைட்டர் மலையாளத்தில் எழுதிக்கொள்ளட்டும், நான் தமிழிலேயே சொல்கிறேன்.

என்னிடம் ஒரு எக்கோ பெட்டி உண்டு. கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் மாட்டி, காலால் அழுத்துகிற பெடல். மூணாறுக்குச் சுற்றுலா வந்த ஒரு வெள்ளைக்காரனிடம் என் கல்யாண மோதிரத்தைக் கொடுத்து வாங்கினேன். அனலாக். அதற்குள் கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. ஒரு தந்தியை மீட்டினால் அந்த ஒலி திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மங்கி, கொஞ்சம் கரகரத்து, கடைசியில் பனிக்குள் நடந்து போகிற ஆள் மாதிரி மறைந்துபோகும். அந்தோணியார் சப்பரம் குருசடியை விட்டுக் கிளம்பும் முன்னால் பாடுகிற பாட்டுக்கு ஒரு முன்னிசை உண்டு. அதை ஒவ்வொரு ஜூன் மாதமும் நான்தான் வாசிப்பேன். தேயிலைக் கொழுந்து எடுக்கிற பெண்கள்கூட அதை ‘வேதமுத்து எக்கோ’ என்பார்கள். எனக்கு இந்த ஊரில் இருந்த பெயர் அது ஒன்றுதான். அது போதும் என்று இருந்தேன்.

ஜிபினுக்கு ரிசார்ட்டில் வரவேற்பு மேசையில் வேலை. ஃபோனைப் பார்த்தே கிட்டார் கற்றுக்கொண்டான். என்னிடம் வந்து ஒரு சந்தேகம்கூடக் கேட்டதில்லை. போன வருஷம் ஒரு டிஜிட்டல் மாடலிங் பெடல் வாங்கினான். பழைய பெடல்கள் ஒவ்வொன்றும் எப்படி ஒலிக்கும் என்று அளந்து, கணக்காக்கி, எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடைத்திருக்கிறார்கள். என் பெட்டியை ஒரு நாள் இரவல் கேட்டான், கொடுத்தேன். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தன் பெட்டியின் குமிழ்களைத் திருகித் திருகி, என் ஒலியை அதற்குள் ஏற்றிவிட்டான். அதற்கு ‘மாமா’ என்று பெயர் வைத்துச் சேமித்தும்விட்டான். நான் உயிரோடு இருக்கும்போதே சார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பாடகர் குழு அறையில் எல்லோர் முன்னாலும் வாசித்துக் காட்டினான்.

“மாமா, கேளுங்க. அச்சு அசல் உங்க பெட்டியேதான். இனிமே அந்தக் கிழட்டுப் பெட்டிய எதுக்குத் தூக்கிட்டு அலையுதீங்க?”

குழுவில் பாடுகிற அஞ்சு என்ற பெண், “எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலண்ணே” என்றாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

“சும்மா ஒரு வெளையாட்டுக்கு மாமா,” என்றான் ஜிபின். “கண்ண மூடிக்கிடுங்க. ரெண்டையும் மாத்தி மாத்தி வாசிக்கேன். எது எதுன்னு சொல்லுங்க பாப்போம்.”

“பெத்த தாயக் கண்ணக் கட்டிக்கிட்டுத் தடவிப் பாத்தா கண்டுபிடிப்பாங்க? போலே அந்தப் பக்கம்.”

சிரித்தார்கள். அவனும் சிரித்தான். கண்ணை மூடியிருந்தால் நான் சரியாகச் சொல்லியிருப்பேன். அதில் சந்தேகமே வேண்டாம். இவர்களுக்கு நிரூபித்துக் காட்ட வேண்டிய நிலையில் நான் இல்லை என்பதால்தான் மூடவில்லை. அந்தச் சிரிப்பு மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது. எனக்குக் கோபம் வந்தால் சத்தம் போட வராது சார், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். உள்ளுக்குள் கொதித்துக்கொண்டே இருக்கும், வெளியே ஆவிகூடத் தெரியாது.

திருவிழாவுக்குக் கொடி ஏறிய அன்று ஃபாதர் என்னைக் கூப்பிட்டார். “வேதமுத்து அண்ணே, இந்த வருஷம் முன்னிசைய ஜிபின் வாசிக்கட்டும். நீங்க சவுண்ட மட்டும் பாத்துக்கிடுங்க” என்றார். என் நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டு, அதைத் துடைக்கிற வேலையை எனக்கே கொடுத்தார். சரி ஃபாதர் என்றேன். என் பெட்டியைப் பாடகர் குழு அறை அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். இனி அது வீட்டில் இருந்து என்ன செய்யப்போகிறது?

இப்போது கம்பிக்கு வருகிறேன். என் ஆம்ப்ளிஃபயர் பழையது. உள்ளிருந்து அதன் உடம்புக்கு மின்சாரம் கசியும், அங்கிருந்து கிட்டார் தந்திக்கு வரும். இது எனக்குத் தெரியும். அதனால்தான் எங்கே போனாலும் மண்ணில் ஓர் இரும்புக் கம்பியை அடித்து, உப்புத் தண்ணீர் ஊற்றி, எர்த் கொடுப்பேன். இந்தப் பக்கத்து மைக் செட்காரர்கள் ஸ்பீக்கரில் இரைச்சல் வந்தால் முதலில் செய்கிற வேலை எர்த்தைக் கழற்றுவது. இரைச்சல் போய்விடும், ஆள் போனாலும் போவான். நான் அந்த மடத்தனத்தை ஒருநாளும் செய்ததில்லை.

எங்கள் குருசடியில் இன்னொரு பழக்கம் உண்டு. அந்த முற்றத்தில் யாரும் செருப்புப் போடமாட்டார்கள். ஃபாதரும் வெறுங்காலோடுதான் நிற்பார். பாடகர் குழு அங்கே மண்ணிலேயே நிற்கும். அன்று பிற்பகல் முழுக்கச் சாரல். மண் சொதசொதவென்று இருந்தது. ஜிபின் தன் பெடலை நனையாமல் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி வைத்திருந்தான். மழை நின்றபோது நான் ஜெனரேட்டர் பக்கம் இருந்தேன். அங்கே வந்து என் கையைப் பிடித்தான்.

“மாமா, முன்னாடி வந்து நின்னு கேளுங்க. இன்னைக்கு உங்களுக்காகத்தான் வாசிக்கப் போறேன்.”

“இங்கனயே கேக்கும். நீ போ” என்றேன்.

வாசிக்க ஆரம்பித்தான். ஜனம் அப்படியே அமைதியாகிவிட்டது. சிசிலி முன்வரிசையில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள். நான் கேட்டேன். முதல் ஸ்வரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. உயிரே இல்லை சார். எக்கோ திரும்பி வருகிறது, ஆனால் மங்கவில்லை. ஒவ்வொன்றும் முந்தியதைப் போலவே அச்சடித்து வருகிறது. எங்கள் அந்தோணியார் முன்னால் ஒரு மெஷின் ஜெபம் சொல்கிறது, ஜனம் கண்ணீரோடு கேட்டுக்கொண்டு நிற்கிறது. ஒருவருக்குக்கூடக் காது இல்லை. எனக்கு அந்த ஜனத்தின் மேலும் ஆத்திரம் வந்தது. ஆனால் ஜனத்தை என்ன செய்ய முடியும்?

எர்த் கம்பி என் காலடியில்தான் மண்ணில் இறங்கியிருந்தது. குனிந்தேன். ஆம்ப்ளிஃபயரிலிருந்து வந்து அதில் மாட்டியிருந்த கிளிப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். என் கை நடுங்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், நடுங்கினால் கவனக்குறைவு என்று மறுபடி சொல்வீர்கள்.

அவன் கத்தவில்லை. தந்தியிலிருந்து கையை எடுக்க முடியாமல் முழங்காலிட்டான். வேண்டுதலுக்கு முழங்காலிடுகிறான் என்றுகூடச் சிலர் நினைத்திருப்பார்கள். பிறகு பக்கவாட்டில் சாய்ந்தான். ஜெனரேட்டர் சுவிட்ச் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. நான் அணைக்கவில்லை. அவன் கடைசியாக மீட்டிய ஸ்வரம் ஸ்பீக்கரில் இன்னும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. அது முழுக்க அடங்கும் வரை நின்று கேட்டேன். என் முடிவு சரிதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும் இல்லையா? சரிதான். அந்த எக்கோவில் உயிர் இல்லை. அதற்கப்புறம்தான் அணைத்தேன்.

ஆஸ்பத்திரியில் சிசிலி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, நீ கட்டுன கம்பியா எம்புள்ளயக் கொன்னுச்சு?” என்று அழுதாள். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன், இதைப் பொறுக்க முடியவில்லை. நான் கட்டியது கழன்றுவிட்டதாக என் கூடப் பிறந்தவளே நம்புகிறாள். அதனால்தான் இன்று காலை பத்திரிகையைப் பார்த்ததும் கிடைத்த முதல் ஜீப்பைப் பிடித்து இங்கே வந்தேன்.

ஏன் ரைட்டரை நிறுத்தச் சொல்கிறீர்கள்? உங்கள் அலமாரியிலிருந்து எதை எடுக்கிறீர்கள்?

ஆமாம், இது என் பெட்டிதான். இதை எதற்குப் பாடகர் குழு அறையிலிருந்து எடுத்தீர்கள்?

பிளாஸ்டிக் விரிப்புக்கு அடியில் இருந்தது இதுதான் என்கிறீர்கள். அவன் கிட்டாரில் மாட்டியிருந்தது இதுதான் என்கிறீர்கள். டிஜிட்டல் பெட்டி பையோடு வீட்டில் இருக்கிறதாம். “மாமா பெட்டியிலதாம்மா வாசிக்கப் போறேன். அவருக்கு ஒடனே தெரிஞ்சிரும், ஓடி வந்து கட்டிப் பிடிச்சுக்கிடுவாரு” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினானாம். சிசிலி அப்படி வாக்குமூலம் கொடுத்திருக்கிறாளாம்.

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

சாரலில் ஈரம் உள்ளே போயிருக்கும் சார். இல்லையென்றால் பேட்டரி இறங்கியிருக்கும். பழகாத ஆள் மிதித்தாலும் அப்படி ஆகும். நான் கேட்டது கேட்டதுதான், அதில் மாற்றமில்லை. எர்த்தை நான்தான் கழற்றினேன், தெரிந்தே கழற்றினேன். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். வழக்கு முடிந்ததும் இந்தப் பெட்டியை மட்டும் எனக்குத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். திறந்து பார்க்க வேண்டும், உள்ளே ஏதோ கோளாறு இருக்கிறது.