கிளச் இல்லாத வண்டி

உங்கள் ஸ்டேஷன் காப்பியைப் பற்றி ஊரில் சொல்வதெல்லாம் அபாண்டம், இன்ஸ்பெக்டர் ஐயா. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், அவ்வளவுதான். இந்த ரேஷன் காலத்தில் அதைப் போய்க் குறை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

எழுதுகிறவரை நிதானமாக எழுதச் சொல்லுங்கள். எனக்கு அவசரம் இல்லை.

என் அப்பா முத்துத் தரகர். துண்டுக்கு அடியில் கையை விட்டு, எதிராளியின் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர். வாய் மழையைப் பற்றியும் மாதா கோவில் தேரைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும். வியாபாரம் முழுக்க விரலில் நடக்கும். நான் படித்த பள்ளிக்கூடம் அதுதான். முத்து அருகிப் போனதால் நான் பழைய கார் தரகுக்கு வந்தேன். மற்றவர்கள் பெயின்டைப் பார்ப்பார்கள். நான் வண்டிக்கு அடியில் படுத்து, என்ன கியர்ப் பெட்டி, என்ன கிளச் என்று பார்ப்பேன். கம்பெனியே மறந்துபோன சங்கதியெல்லாம் எனக்குத் தெரியும்.

எனக்கு ஒரே தங்கை, அமலோற்பவம். அப்பா அம்மா போன பிறகு வளர்த்தது நான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளுக்கும் அவசரம் இருக்காது என்று நினைத்தேன். தொழிலுக்குக் கிளம்பும்போது வாசலை வெளியே பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொள்வேன். துறைமுக ஊர், பல தேசத்து ஆட்கள் திரிகிற இடம். ஜன்னலுக்கெல்லாம் கனமான கம்பி. ஞாயிறு பூசைக்கு நானே கூட்டிப்போய் நானே கூட்டி வருவேன். எத்தனை அண்ணன்மார் இவ்வளவு பார்க்கிறார்கள்?

பெண் கேட்டு வந்தவர்களும் உண்டு. ஒருவனுக்கு இருமல், ஒருவனுக்கு வாய், இன்னொருவனுக்கு அம்மா. வண்டிக்குக் குறை சொல்லித் திருப்பி அனுப்புவதுபோலத்தான் அனுப்பினேன். கிருபையிடம் மட்டும் ஒன்றும் அகப்படவில்லை. குறை அகப்படாத வண்டியைக் கண்டால் எனக்கு எப்போதுமே பயம்.

நாசரேத்துக்காரன். யுத்தத்தில் பட்டாள லாரி ஓட்டியவன். என் ஷெட்டுக்கு வேலைக்கு வந்தான்; ஷெட் வீட்டை ஒட்டியிருக்கிறது. கம்பிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று என்னதான் பேசினார்களோ, கொழும்பில் வேலை கிடைத்ததும் பங்குச் சாமியாரையே கூட்டி வந்துவிட்டான். அவன் புராட்டஸ்டண்டு, நாங்கள் கத்தோலிக்கர்; வேதம் வேறு என்றேன். "உங்க கோயிலுக்கே வாரேன் மச்சான்" என்றான். பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்தாகிவிட்டது. அதற்குப் பிறகு ஊர் முழுக்கச் சாட்சி. யார் பொறியில் அகப்பட்டது என்று யோசியுங்கள் ஐயா, நான்தான்.

அன்றைக்குச் சோறு போடும்போது அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அண்ணே, கொழும்புல கடலப் பாத்த வீடாம். சன்னலுக்குக் கம்பியே கெடையாதாம்."

கம்பி இல்லாத ஜன்னல். நீங்கள் இரண்டு பெண்களைப் பெற்றவர், உங்களுக்குப் புரியும்.

அண்ணன் சீராக ஒரு கார் தருவதாகச் சொன்னேன். ஊரே மெச்சியது. யுத்தத்துக்கு முந்தின இங்கிலீஷ் வண்டி. அதில் கிளச் கிடையாது. அதற்குப் பதில் இன்ஜினை ஒட்டி எண்ணெய் நிரம்பிய ஒரு சக்கரம். ஸ்டியரிங்குக்குக் கீழே சின்னப் பிடி, பக்கத்தில் எந்த இடத்தில் எந்த கியர் என்று காட்டும் பித்தளைத் தகடு. வேண்டிய கியரைப் பிடியில் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். வண்டி கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும். இடது பெடலை அழுத்தி விடும்போதுதான் சொன்னதைச் செய்யும். துண்டுக்கு அடியில் பேசுகிற மாதிரி.

இந்தப் பெட்டியில் இரண்டு தினுசு உண்டு. முந்தினதில் முதல் கியர் உச்சியில், ரிவர்ஸ் அடியில். பிந்தினதில் ரிவர்ஸ்தான் உச்சியில். இந்த வண்டி பிந்தின தினுசு. முந்தின தினுசுத் தகடு ஒன்று என் ஷெட்டில் கிடந்தது. இரண்டு திருகாணிதான், மாற்றிவிட்டேன்.

கல்யாணத்துக்கு முந்தியே, போன சனிக்கிழமை காலை இருவரையும் ஏற்றிக்கொண்டு தோணித் துறைக்கு நானே ஓட்டிப்போனேன். வண்டியின் முதுகு கடலைப் பார்க்க நிறுத்தினேன், இன்ஜினை அணைக்கவில்லை. கிருபை ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். அமலோற்பவம் அவன் பக்கத்து இருக்கைக்கு மாறினாள்.

"ஏளா, நீ எறங்கு. மாப்பிள்ள மொதல்ல கை பழகட்டும்" என்று நானே கதவைத் திறந்து இறக்கிவிட்டேன்.

"மச்சான், கிளச் எங்கன?"

"இடது பெடல்தான். ஒன்னாம் நம்பர்ல வச்சு அழுத்தி விட்டுட்டு மிதி. ஒம்ம லாரி மாதிரிதான்."

"லாரி ஒதைக்கும் மச்சான். இது தொட்டிலுல்லா" என்று அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான்.

தகடு காட்டியபடி பிடியை உச்சிக்குத் தள்ளினான், பெடலை அழுத்தி விட்டான், மிதித்தான். வண்டி பின்னால் போனது. பதறினால் லாரிக்காரன் கால் இடது பெடலுக்குத்தான் போகும். போனது, அழுத்தி விட்டான். வண்டி மறுபடியும் பிடி சொன்னதையே செய்தது; பின்னாலேயே போய்த் துறையைத் தாண்டிக் கடலில் விழுந்தது. சங்கு குளிக்கிற ஆட்கள் உடனே குதித்தார்கள். மூச்சடக்குவதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் வண்டி இடப் பக்கமாகச் சேற்றில் சாய்ந்துவிட்டது. வலப் பக்கக் கதவு திறக்கவில்லை. அழுத்திச் சாத்தினால் மறுபடி திறக்காதபடி அதன் பூட்டை நான் இறுக்கி வைத்திருந்தேன். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

இன்று காலை வண்டியைக் கரையேற்றினீர்கள். பஸ் கம்பெனி மெக்கானிக் தாணுலிங்கம் பார்த்துவிட்டு, "கிளச் தேஞ்சுபோச்சு ஐயா. தானா பின்னால வழுகிருக்கு" என்றான். நீங்களும் தலையாட்டினீர்கள். அதோடு எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் சரக்குக்குத் தப்பாகப் பெயர் சொன்னால் எந்தத் தரகனும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டான்.

"ஏலே தாணுலிங்கம், இதுல கிளச்சே கெடையாதுலே. பெட்டி மூடியப் பாரு. முட்ட மாதிரி இருக்கா? அப்பம் பிந்துன தினுசு. வட்டமா இருந்தா முந்துனது. தகட்ட நம்பாத, தகடு கழட்டுத சாமான்" என்றேன்.

நீங்கள் மூடியைப் பார்த்தீர்கள், தகட்டைப் பார்த்தீர்கள், அப்புறம் என்னைப் பார்த்தீர்கள். "தகடு ஏன்யா மாறியிருக்கு?" என்று கேட்டீர்கள். பழைய சொந்தக்காரன் யாராவது மாட்டியிருப்பான் என்றேன். உங்களுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

பக்கத்தில் நின்ற அமலோற்பவத்துக்குப் போதவில்லை. வீட்டு வாசலில் வைத்து ஒன்றே ஒன்று கேட்டாள்: "அண்ணே, என்னைய மட்டும் எதுக்கு எறக்குன?"

தரகு வீட்டில் பிறந்தவன் நான். எந்தக் கேள்விக்கும் பதில் இருக்கும். அதற்கு மட்டும் அவளை உள்ளே அனுப்பி வாசலைப் பூட்டினேன்.

அவள் இங்கே வந்து உங்களிடம் அதைக் கேட்டால் நன்றாக இருக்காது. குமரிப்பெண் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறினாள் என்று நாளைக்கு ஊர் பேசும். அதனால் நானே வந்தேன். கிருபையைக் கொன்றது நான்தான். அசல் தகடு ஷெட்டில் ஆணி டப்பாவுக்குள் துணியில் சுற்றி இருக்கிறது. அசல் சாமானைக் கடலில் போட எந்தத் தரகனுக்கும் மனசு வராது.

மடியில் என்ன என்று ஏட்டையா கேட்கிறார். வீட்டுச் சாவி. இதை மட்டும் கேட்காதீர்கள் ஐயா. தூக்கோ தீவாந்தரமோ, எதுவானாலும் கையெழுத்துப் போடுகிறேன். வரும்போது கொல்லைக் கதவையும் பூட்டிவிட்டுத்தான் வந்தேன். நான் போய்த் திறக்கும்வரை அவளுக்கு ஒரு குறையும் வராது.