கிணற்றுக் குழாய் என்று நாங்கள் காட்டிய குழாய்

கண்ணுக்குத் தெரியாத ஈயத்தைக் கடலைத் தோலால் கட்டிப்போட்டவரே! கேலிக்குக் கலங்காத வேதியியல் ஆசிரியையே! இருபத்திரண்டு ஆண்டுகள் இப்பள்ளியில் எங்களோடு உழைத்து, இன்று ஓய்வு பெறும் எங்கள் மதிப்புக்குரிய திருமதி வியாகுலமேரி அம்மையாரே! வணக்கம்.

இனிக்க இனிக்க எழுதுவதுதான் இத்தகைய பிரிவு மடலின் வழக்கம். எங்களுக்கோ கோபம் முந்திக்கொண்டு வருகிறது. அதை மறைத்துவிட்டு உங்களைப் பாராட்ட எங்களால் முடியவில்லை.

ஆலங்குடி மில்லில் கடலை உடைத்து மிஞ்சிய தோலை மூட்டை கட்டி பஸ்ஸில் ஏற்றி வந்தீர்கள். கழுவி, காயவைத்து, சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து, பதமாகச் சூடேற்றி, புளிப்பு நீங்கும்வரை மறுபடி அலசி, நீல டிரம்மில் அடைத்து, கிணற்று நீரை அதன் வழியே வடியவிட்டீர்கள். பள்ளியின் கிழக்குச் சுவரை ஒட்டிய கொட்டகைக்காரர்கள் பழைய பேட்டரிகளை உடைத்து உடைத்து நம் கிணற்றில் இறக்கிய ஈயம், கொதிக்க வைத்தாலும் போகாத ஈயம், அந்தத் தோலில் ஒட்டிக்கொண்டு நின்றது. ஆறு ஆண்டுகளாக நம் பிள்ளைகள் அந்த டிரம்மின் குழாயில்தான் தண்ணீர் பிடித்துக் குடித்தார்கள்.

நாங்கள் உங்களுக்கு வைத்த பெயர் 'தோல் டீச்சர்'. பார்வையிட வந்த ஓர் அதிகாரி இது மாட்டுத் தீவனமா என்று கேட்டபோது நாங்களும் சேர்ந்து சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்று கூசுகிறது. வேலை முடிந்த தோலைத் தென்னைக்கு உரமாகக் கொட்டப்போன துப்புரவுப் பணியாளர் மூக்காயியை நீங்கள் தடுத்தது எங்கள் காதில் இன்னும் இருக்கிறது: "வேணாம் மூக்காயி. புடிச்ச ஈயத்தத் திருப்பி மண்ணுக்கே குடுத்தா, நாம எதுக்குப் புடிச்சோம்?"

அந்தப் பேட்டரிக் கொட்டகையை மூடச் சொல்லி நீங்கள் கொடுத்த மனுவின் பேரில் சென்ற மாதம் மாசுக் கட்டுப்பாட்டு ஆய்வாளர் ஒருவர் வந்தார். நீங்கள் தேர்வுப் பணிக்காகக் கறம்பக்குடி போயிருந்த நாள் அது. "கிணத்துத் தண்ணி எங்க புடிக்கலாம்?" என்று கேட்டார். நம் பள்ளியில் கிணற்றுக் குழாய் என்றால் அது உங்கள் டிரம்மின் குழாய்தான். ஆறு ஆண்டுப் பழக்கம். அதையே கை காட்டியவன், இந்த மடலை எழுதி வாசிக்கும் இயற்பியல் ஆசிரியன் ஆனந்தராஜ். நீங்கள் வடிகட்டிய நீரை அவர் பாட்டிலில் அடைத்துக்கொண்டு போனார். 'கிணற்று நீரில் ஈயம் இல்லை; கொட்டகைக்குத் தடையில்லை; வடிகட்டி தேவையற்றது, அகற்றவும்' என்று அறிக்கை வந்தது.

உங்கள் வெற்றியை உங்களுக்கு எதிரான சாட்சியாக்கினோம் அம்மா. ஆறு ஆண்டுச் சோதனைத் தாள்களோடு நீங்கள் அவர்கள் அலுவலகத்துக்கு நேரில் போனபோது அந்தக் கோப்பை யாரும் பிரிக்கக்கூட இல்லை. "அறிக்க போயிருச்சு மேடம். ரிட்டயர்டு ஆகப் போற நேரத்துல ஒங்களுக்கு எதுக்குங்க இந்த வம்பு?" என்று சொல்லி அனுப்பினார்கள். ஓய்வு பெறுவது நீங்கள். ஈயம் ஓய்வு பெறவில்லை. இதைச் சொல்ல ஓர் ஆய்வாளரா வேண்டும்?

திங்கட்கிழமை டிரம்மைத் தூக்க ஆள் வருமாம். வரட்டும். இன்று காலை இந்தப் பந்தலில் கூடுமுன் நாங்கள் அனைவரும் கிணற்றடிக்குப் போனோம். மூக்காயி வாளியை இறக்கி நீர் இறைத்தார். பாட்டிலில் அடைத்து, முத்திரை வைத்து, மறு ஆய்வு கோரும் மனுவில் கையெழுத்திட்டோம். முதல் கையெழுத்து ஆனந்தராஜுடையது. தவறாகக் கை காட்டியதையும் அவன் அதில் எழுதியிருக்கிறான். மறு ஆய்வு முடியும்வரை டிரம்மை அசைக்க விடமாட்டோம். தோலை ஊறவைக்கும் முறையும் மாற்றும் முறையும் எங்கள் கையில் இருக்கின்றன.

அம்மையாரே, நோயின்றி நெடுநாள் வாழுங்கள். அந்த அறிக்கை திருத்தப்படும் நாளில் இதே பந்தலுக்கு வந்து, எங்களைக் கடிந்துகொள்ளும் உடல்நலத்தோடு வாழுங்கள்.

இங்ஙனம்,
கிணற்றைக் கிணறு என்றும் குழாயைக் குழாய் என்றும் சொல்ல இப்போதுதான் கற்றுக்கொண்ட
ஆசிரியர்கள், அலுவலர்கள், பணியாளர்கள்.