பகல் விளக்குக்கு ஊற்றிய எண்ணெய்

கையிலே மணியை வைத்துக்கொண்டு, இந்தக் கிழவனை எப்போது நிறுத்தலாம் என்று காத்திருக்கும் அவைத்தலைவர் அருமைத் தம்பி மரியசூசை அவர்களே! மேடையிலே நாற்காலி பெற்ற நல்லோர்களே! நாற்காலி கிடைக்காததால் முதுகு நிமிர்ந்து நிற்கும் வல்லோர்களே! தறியிலே தேய்ந்த தோழர்களே! பாய்லரிலே வெந்த பங்காளிகளே! குழாயடியில் வரிசையிலே நிற்கும் குடத்தின்மேல் ஒரு கண்ணும், என்மேல் ஒரு கண்ணுமாக அமர்ந்திருக்கும் தாராவித் தாய்மார்களே! உங்கள் அனைவரின் பொறுமையையும் முதலிலே கும்பிடுகிறேன். அது எவ்வளவு பெரியது என்று மில் முதலாளி சேட்டுக்குத் தெரிந்ததைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

இசக்கிப்பாண்டியாகிய எனக்கு எழுத்துத் தெரியாது. இந்த மைதானத்தில் நடந்த கூட்டமெல்லாம் தரையிலே உட்கார்ந்து கேட்டுக் காதிலே சேர்த்த தமிழ் இது. இரவல் வாங்கியதுதான். யாரும் திருப்பிக் கேட்டால் கொடுப்பதாக இல்லை.

என்னை எதற்கு ஏற்றியிருக்கிறார்கள்? நன்றி சொல்ல! இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்த நம் மூணுகூண்டு மில் நாளைக் காலை திறக்கிறதாம். புதுக் கம்பெனியாம். புதுப் பெயர்ப்பலகையாம். வாசலிலே குத்துவிளக்காம். மில்லிலே மூத்த தொழிலாளி என்பதால் அந்த விளக்கை ஏற்றப்போவது நானாம். அதற்கு முன்கூட்டியே இன்று நன்றியாம்!

நேற்று புதுக் கம்பெனியின் லேபர் ஆபீசர் நம்பிராஜன் என் குடிசைக்கே வந்தார். அதோ, இரண்டாவது நாற்காலியிலே கைக்குட்டையால் கழுத்தைத் துடைக்கிறாரே, அவர்தான். கையிலே சரிகை வேட்டி. வாயிலே சர்க்கரை.

"அண்ணாச்சி, ஒங்க கையால ஏத்துனாத்தான் ராசி"ன்னு சொன்னார்.

"வெளக்க ஏத்துதேன் தம்பி. எனக்கு வேல உண்டா?"ன்னு கேட்டேன்.

"என்ன இப்பிடிக் கேட்டுட்டீய? நீங்கதான் மொதப் புது ஆளு!"

கேட்டீர்களா? முப்பத்தாறு வருஷம் அந்தப் பாய்லருக்குத் தீ போட்ட நான் புது ஆள்! என் தலைமுடி புதிது! என் இருமல் புதிது! ஏன் சிரிக்கிறீர்கள்? நீங்களும் புது ஆட்கள்தான்! நாளை உள்ளே நுழையும் ஒவ்வொருவனும் புது ஆள். உழைத்த பழைய வருஷங்கள் வாசலோடு போயின. நாளைக்கே நம்மை வெளியே நிறுத்தினால் ஏன் என்று கேட்க ஒரு நாளின் பாத்தியதைகூட நமக்குக் கிடையாது. இதற்குத்தான் நன்றி! இதற்குத்தான் விளக்கு!

இருக்கட்டும். அந்த மில் ஏன் படுத்தது? எனக்கு முன்னால் பேசிய நம்பிராஜன் இரண்டு காரணம் சொன்னார். ஒன்று, அரசாங்கம் ரூபாயின் மதிப்பைக் குறைத்துவிட்டதாம். தம்பி, ரூபாயைக் குறைத்தது போன வருஷம். மில் படுத்தது அதற்கு முந்தின வருஷம். செத்தவனைக் குளிப்பாட்டி எடுத்துப்போன பிறகு வந்த காய்ச்சலா அவனைக் கொன்றது? இரண்டாவது, காலம் கெட்டுவிட்டதாம். காலம்! யார் ஐயா அந்தக் காலம்? எந்த ஷிப்டு? எந்த டிப்பார்ட்மெண்டு? முப்பத்தாறு வருஷத்தில் அவனை ஒருநாளும் நான் மில்லுக்குள்ளே பார்த்ததில்லையே! கேட் பாஸ் இல்லாமலா வந்து போனான்?

நான் பார்த்ததைச் சொல்கிறேன். நான் சேர்ந்தபோது மூன்று புகைக்கூண்டும் புகைந்தன. சயான் ஸ்டேஷனிலே இறங்கினாலே தெரியும். பெரிய சேட் மூச்சுமுட்ட மில்லுக்குள்ளே நடப்பார். பஞ்சை மூக்கிலே வைத்துப் பார்ப்பார். கஞ்சன்தான். ஆனால் எந்திரத்தை ஓட்டும் நாடா அறுந்தால் புது நாடா வாங்குவார். அவர் மகன் வந்தார், சின்ன சேட். அவருக்குப் பஞ்சென்றால் தும்மல். குதிரைப் பந்தயம் என்றால் குஷி. நாடா அறுந்தது, "முடிச்சுப் போடு" என்றார். முடிச்சு அறுந்தது, "முடிச்சின்மேல் முடிச்சுப் போடு" என்றார். போட்டோம்! கப்பலிலே புதுத் தறிகள் பெட்டி பெட்டியாக வந்தன. தறிக்கொட்டாய்க்குள் ஒரு பெட்டி வந்ததா? ஒரு ஆணி பிடுங்கப்பட்டதா? வந்த வேகத்திலே லாரி ஏறி, சின்ன சேட்டின் மச்சினனுடைய வேறொரு ஊர் மில்லுக்குப் போயின. ஏற்றியது யார்? நாம்! ஏலேலோ பாடிக்கொண்டு, நம் பிழைப்பை நாமே தோள் கொடுத்து லாரியிலே ஏற்றினோம்!

பிறகு ஒரு கூண்டை இடித்தார். சிக்கனமாம். அந்தச் செங்கல் எங்கே போயிற்று? செம்பூர் போங்கள். சின்ன சேட்டின் பங்களா மதிலைப் பாருங்கள். எத்தனை தரம் வெள்ளையடித்தாலும் மழைக்காலத்திலே கறுப்புக் கசியும். அது பாசி என்கிறார்கள். பாசியா அது? நான் போட்ட கரி! என் பாய்லரின் புகை! மதிலிலே நின்றுகொண்டு அது என்னைப் பார்த்துச் சிரிக்கிறது!

ஊரிலே ஒரு மில் செத்தால் அதோடு நிற்குமா? டீக்கடை ஜம்பு அடுப்பை அணைத்தான். சீட்டுப் பிடித்தவர்கள் கல்யாண் பக்கம் ஓடினார்கள். தோல் ஷாப்பிலே பாதிக் கூலிக்கு ஆட்கள் கிடைத்தார்கள். ஒரு வீட்டின் குதிரை ஓட, ஒரு பேட்டையின் உலை அடங்கியது!

என்ன தம்பி மரியசூசை, மணி அடிக்கிறீரா? அடியும். மில் சங்கையே கேட்டு எழுந்தவன் நான். இந்த மணி எனக்குத் தாலாட்டு.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். புரட்டாசி மாதம், உச்சி வெயில். தீபாவளிக்குச் சில வாரங்களே இருந்தன. போனஸ் உண்டா, இல்லையா என்று வாசலிலே கூடி நின்றோம். ஆபீஸ் கதவு திறந்தது. மில்லை மகனிடம் விட்டு ஒதுங்கியிருந்த பெரிய சேட் வந்தார், தலைப்பாகை இல்லாமல். அவர் உட்காரும் வெள்ளை மெத்தையைக் கொண்டுவந்து வராந்தாவிலே தலைகீழாகப் போட்டார்கள். அதன் பக்கத்திலே அவர் தம் கையாலே ஒரு விளக்கை ஏற்றினார். பட்டப்பகலிலே! வாட்ச்மேன் வாய் விட்டுச் சொன்னான்: "சேட் கா தீவாலா நிகல் கயா!"

நமக்கு எது புரிந்தது? நம்மிலே இந்தி படித்த மேதை ஒருவர் இருந்தாரே! என்ன சொரிமுத்து, "அண்ணாச்சி, அத இப்ப எதுக்கு இழுக்கீரு?" என்கிறாயா? இழுக்காமல் விடுவேனா? இவன் துண்டை உயரே வீசினான். "ஏலேய், சேட்டு தீவாளிய வெளிய எடுத்துட்டாராம்லேய்! போனஸ் வந்துட்டு!" என்றான். வெளியே வந்தது தீவாளியா? தீவாலா! திவால்! கையை விரித்துவிட்டேன் என்று வியாபாரி ஊருக்குச் சொல்கிற விளக்கு அது! அவர்கள் குலத்திலே பழைய வழக்கமாம். மகன் தின்றதற்கு அப்பன் ஏற்றிய வெட்க விளக்கு!

நாம் என்ன செய்தோம்? மாலை வாங்கினோம்! தேங்காய் உடைத்தோம்! "பெரிய சேட்டுக்கு ஜே" என்றோம்! அவர் முகத்தை மூடி அழுதார். ஆனந்தக் கண்ணீர் என்று நாமும் அழுதோம்! காரிலே உட்கார்ந்திருந்த சின்ன சேட் நம்மைப் பார்த்தார். ஒரு புன்னகை. அந்தப் புன்னகையை நான் இன்னும் மறக்கவில்லை.

அத்தோடு விட்டோமா? வெயில் ஏற ஏற விளக்கிலே நெய் வற்றியது. சொர்ணம்மாள் பதறினாள். அதோ, முன்வரிசையிலே முந்தானையை வாயிலே வைத்துக்கொண்டு இருக்கிறாளே. "நல்ல காரியத்துக்கு ஏத்துன வெளக்கு, அந்திக்கு முன்ன அமந்துரப்படாது" என்று ஓடினாள். வீட்டிலே தாளிக்க வைத்திருந்த நல்லெண்ணெயைக் கொண்டுவந்து ஊற்றினாள். அவளைப் பார்த்து முப்பிடாதி ஊற்றினாள். சேசம்மாள் ஊற்றினாள். இரண்டாம் ஷிப்டுக்கு வந்த நம் மேஸ்திரி கரீம் பாட்சாவுக்கு உருது தெரியும். விளக்கைப் பார்த்தார், மெத்தையைப் பார்த்தார், சொர்ணம்மாளின் கையிலே கிண்ணத்தைப் பார்த்தார். "அடப்பாவிகளா! எளவு வெளக்குக்கா எண்ண ஊத்துதிய?" என்றார். அதற்குள் வாசலிலே பூட்டு விழுந்துவிட்டது. நம் வீட்டிலே அன்று தாளிப்பில்லாத குழம்பு. சேட்டின் திவால் மட்டும் செழித்து எரிந்தது, நம் எண்ணெயிலே!

சிரித்தது போதும். இப்போது சொல்லுங்கள், மில் ஏன் படுத்தது? சேட் தின்றார், உண்மை. ஆனால் அத்தனை வருஷம் தின்ன அவருக்கு வெளிச்சம் பிடித்தது யார்? முடிச்சின்மேல் முடிச்சுப் போட்டோமே, அது எண்ணெய் இல்லையா? மில்லுக்குக் கஷ்டகாலம் என்றதும் ஞாயிற்றுக்கிழமையிலே சும்மா வந்து உழைத்தோமே, அது எண்ணெய் இல்லையா? பெட்டியை லாரியிலே ஏற்றினோமே, கேள்வி கேட்டோமா? அணையவேண்டிய அயோக்கியத்தனத்தை அணையாமல் காத்த அப்பாவிகள் நாம்!

நாளைக்கு இன்னொரு பகல் விளக்கு! புதுக் கம்பெனி யாருடையது? அதே மச்சினனுடையது! நம் பெட்டிகளைத் தின்ற அதே வாய், நம்மைப் பார்த்து "புது ஆள், வா" என்கிறது! நம்பிராஜன் தம்பி, உம்முடைய சரிகை வேட்டி என் குடிசையிலே பத்திரமாக இருக்கிறது. கறை படவில்லை. காலையிலே கையோடு கொண்டுவருகிறேன்.

ஆமாம், வருகிறேன்! எல்லாரும் வருகிறோம்! எனக்கு வேலை வேண்டாமா? உங்கள் வீட்டு உலை கொதிக்க வேண்டாமா? வேண்டும்! ஆனால் நான் தீப்பெட்டியைக் கையிலே வைத்துக்கொண்டு நிற்பேன். கிழிக்கமாட்டேன். மச்சினன் வரட்டும். சின்ன சேட் வரட்டும். நம் முகத்தைப் பார்த்து இரண்டே சொல் சொல்லட்டும்: "பழைய ஆள்." இவர்கள் என் பழைய ஆட்கள், இவர்கள் உழைத்த காலம் உழைத்த காலமே என்று சொல்லட்டும். சொன்னால் விளக்கு எரியும், பாய்லர் எரியும், இரண்டு கூண்டும் புகையும். சொல்லாவிட்டால் வெறும் திரியோடு அந்த விளக்கு நிற்கட்டும், ஊர் பார்க்கட்டும்! என்னைத் தள்ளிவிட்டு வேறு எவனாவது ஏற்றுவானா? நம்மிலே அப்படி ஒருவன் உண்டா? இருந்தால் கையைத் தூக்கட்டும், இப்போதே பார்த்துவிடுகிறேன்!

ஒரு கையும் இல்லை. மகிழ்ச்சி.

அவர்கள் சொல்லப்போவதை இந்தியிலேதான் சொல்வார்கள். அதைக் கரீம் பாட்சா தமிழாக்கித் தருவார். சொரிமுத்து, நீ ராசா மாதிரி வாயை மூடிக்கொண்டு நில்!

நன்றி சொல்ல ஏற்றினீர்கள். சொல்லாமல் இறங்கக்கூடாது. மணி அடித்தும் கேளாத என் காதைப் பொறுத்துக்கொண்ட மரியசூசைக்கு நன்றி. நாளை கிண்ணத்தோடு ஓடிவராமல் வெறுங்கையோடு வந்து நிற்கப்போகிற தாய்மார்களுக்கு, தலை தாழ்ந்த நன்றி. உங்கள் எல்லாருக்கும் இந்தப் பழைய ஆளின் வணக்கம்.

சொர்ணம்மா, இருட்டுக்கு நாம் ஏற்றிய இந்த மேடை விளக்கிலே எண்ணெய் குறைகிறது பார். எழுந்து வா தாயே. ஊற்று. இது நம்முடையது.